மின்மினி அணைந்தால் ஏறலாம்

இந்த அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது, சார். எங்கள் கண்ட்ரோல் ரூமில் இருப்பது பெயருக்குத்தான் சுற்றும். ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடத்தில் ஒரு மின்விசிறிக்கு வக்கில்லையா என்று என் தங்கை வீட்டுக்காரர் கேலி செய்வார். கேலியோடு விடவில்லை. ஒரு விடுமுறை நாளில் வந்து, ஏணி போட்டு ஏறி, கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டு மாட்டினார். அதற்குப் பிறகும் அது மெதுவாகத்தான் சுற்றுகிறது, ஆனால் கிரீச்சென்ற சத்தம் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட மனிதர் அவர். அவரைப் பற்றிக் குறையாக நான் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை.

கேட்டதற்கெல்லாம் சொல்கிறேன். எழுதுகிறவருக்குக் கை வலித்தால் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

நான் துணை மின்நிலையத்தில் ஆபரேட்டர். என்ன வேலை என்று சொன்னால் இவ்வளவுதானா என்பீர்கள். டவர் டவராகப் போகிற பெரிய கம்பியில் மின்சாரம் போகவேண்டும் என்றால் சுவிட்சைப் போடுவேன். ஆட்கள் மேலே ஏறி வேலை பார்க்கவேண்டும் என்றால் எடுத்துவிடுவேன். கம்பிக்கு இரண்டு முனை. மின்சாரம் புறப்படுகிற முனை என்னிடம். அது போய்ச் சேருகிற முனை இன்னொரு நிலையத்தில், எந்த நேரம் போன் செய்தாலும் வாயைப் பிளந்துகொண்டே பேசுகிற ஓர் ஆளிடம். அவருக்கு நாங்கள் கொட்டாவி என்று பெயர் வைத்திருக்கிறோம். முதலில் கொட்டாவி தன் பக்கத்துச் சுவிட்சை எடுப்பார். "ஆச்சு" என்று போனில் சொல்வார். உடனே நான் என் பக்கத்தை எடுப்பேன். பிறகு வயர்லெஸ்ஸில் "லைன் கிளியர்" கொடுப்பேன். அதற்கு அப்புறம்தான் கம்பிக்குப் பக்கத்தில் யாரும் போகலாம். விதி அப்படித்தான் சொல்கிறது.

வீட்டில் நானும் என் தங்கையும்தான். பாப்பா என்று கூப்பிடுவோம். வயது முப்பதைத் தாண்டியும் எனக்கு அவள் பாப்பாதான். சின்ன வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு. அம்மா போனபிறகு அவளுக்கு எல்லாமே நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அடுப்புப் பக்கம் விடமாட்டேன். படியேற விடமாட்டேன். பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். குளியலறைக்குள் விழுந்துகிடந்தால் என்ன செய்வது என்று வீட்டில் இருந்த உள்தாழ்ப்பாள்களை எல்லாம் ஸ்க்ரூ டிரைவர் வைத்து நானே கழற்றினேன். எனக்கு வந்த வரன்களை வேண்டாம் என்றேன். மாத்திரையை வேளை தவறாமல் என் கையால் கொடுத்தேன். அப்படியும் மாதத்தில் இரண்டு மூன்று தடவை வந்துவிடும். தெளிந்ததும் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் தேடுவாள். "அக்கா, இருக்கியா?" என்பாள். அந்த ஒரு கேள்விக்காக நான் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன். விட்டும் கொடுத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை எங்கள் லைன் கேங்குக்கு ஃபோர்மேன். ஏதோ ஒரு பழுது விஷயமாக என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொண்டுவந்த பாப்பா அவர் காலடியிலேயே விழுந்துவிட்டாள். ஆள் விட்டால் போதும் என்று ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மண்டியிட்டு, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றித் தலைக்கு அடியில் வைத்தார். பாப்பா தெளிந்து கண்ணைத் திறந்தபோது எதிரில் அவர் முகம். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது.

பெண் கேட்டு வந்தார். என் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்றேன். "வீட்டோட மாப்பிள்ளையா இருக்கிறதுல எனக்கென்னக்கா வெக்கம்? வாடகை மிச்சம்" என்று சிரித்தார். பாப்பாவைப் பார்த்து அவரும் என்னை அக்கா என்றே கூப்பிடுவார். கொஞ்ச நாளில் மாத்திரைப் பொறுப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "பொண்டாட்டிக்கு ஒரு மாத்திரை எடுத்துக் குடுக்கலேன்னா நான் என்னத்துக்கு இருக்கேன்?" என்றார். மறுக்க என்ன காரணம் சொல்வது? கொடுத்துவிட்டேன்.

டாக்டர் அதே டாக்டர். மாத்திரையும் அதே மாத்திரை. பாப்பாவுக்கு வலிப்பு குறைந்துகொண்டே வந்து, அடியோடு நின்றுபோனது. எல்லாரும் அவருடைய கை ராசி என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். அவள் சமைக்கக் கற்றுக்கொண்டாள், உப்பு போடாமல் சமைத்துவிட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் நான் டியூட்டி முடிந்து வந்தபோது குளியலறைக்குள்ளிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை புதுத் தாழ்ப்பாள் வாங்கிவந்து மாட்டியிருக்கிறார். உள்ளே பாப்பா பாடிக்கொண்டே குளிக்கிறாள். கதவைத் தட்டினேன். "இரு அக்கா, வர்றேன்" என்றாள். என்னை வெளியே நிற்கச் சொல்கிறாள், சார். ஈரக் காலோடு அவள் வருகிறவரை நான் அங்கேயே நின்றேன்.

இப்போது அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளவயது இன்ஜினியர் வந்தார். நெட்டையான ஆள், பேசும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியாது. அவர் செய்த சின்னப் பெட்டிகளை எங்கள் லைனில் மாட்டினார்கள். ஒரு சோற்றுப் பானை அளவு இருக்கும். கம்பியைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும். கம்பி எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு தொய்கிறது என்று பார்த்து எங்கள் திரைக்கு அனுப்பும். அதற்கு பேட்டரி கிடையாது. கம்பியில் மின்சாரம் ஓடும்போது அதைச் சுற்றி ஒரு காந்தப்புலம் இருக்கும், அதிலிருந்தே தனக்கு வேண்டியதைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் இருந்துகொண்டு, கம்பிக்கே தெரியாமல், தொட்டுத் தொட்டு வாழ்கிற பிழைப்பு. உயிரோடு இருக்கிறது என்று கீழிருந்து தெரிவதற்காக அதில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். கேங்கில் அதற்கு மின்மினி என்று பெயர் வைத்தார்கள். வைத்தது மாப்பிள்ளைதான்.

அதைப் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. எங்கள் நிலையத்திலிருந்து நான் ஒருத்திதான் போனேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது இன்ஜினியர் என்னிடம் வந்தார். "மேடம், ஒண்ணே ஒண்ணு. அந்த விளக்கு அணைஞ்சா லைன் செத்துருச்சுன்னு யாரும் நெனச்சிரக் கூடாது. உங்க லைன்காரங்ககிட்டயும் நீங்க சொல்லிடுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன்.

உங்களுக்கு இது புரிய வேண்டும். குழாயின் கடைசியில் திருகி மூடிவிட்டால் தண்ணீர் ஓடாது. அதற்காகக் குழாய்க்குள் தண்ணீர் இல்லை என்று ஆகிவிடுமா? முட்டிக்கொண்டு நிற்கும். கம்பியும் அப்படித்தான். கொட்டாவி தன் முனையை எடுத்துவிட்டு நான் என்னுடையதை எடுக்காமல் இருந்தால் மின்சாரம் எங்கும் ஓடாது. ஓடாததால் மின்மினிக்குச் சாப்பாடு இல்லை, அணைந்துவிடும். கம்பியில் மட்டும் முழு அழுத்தமும் அப்படியே நிற்கும். கையால் தொடக்கூட வேண்டாம், பக்கத்தில் போனாலே ஆளைப் பிடித்து இழுத்துக்கொள்ளும்.

கேங்கில் மின்மினி மேல் ஒரு நம்பிக்கை வளர்ந்தது. கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று எட்ட நின்று பார்ப்பதற்கு நீளமான கழி ஒன்று உண்டு. இருந்தால் கூவும். நல்ல கனம், கயிறு கட்டி மேலே தூக்கவேண்டும், வெயிலில் உயிரை வாங்கும். மின்மினி வந்தபிறகு கழி ஜீப்பிலேயே கிடக்க ஆரம்பித்தது. லைன் கிளியருக்கும் யாரும் காத்திருப்பதில்லை. "மின்மினி அணைஞ்சா ஏறலாம்" என்று அவர்களுக்குள் ஒரு சட்டமே போட்டுக்கொண்டார்கள். அது ஒரு தடவையும் தவறவில்லை. கொட்டாவி எடுத்த கையோடு நானும் எடுத்துவிடுவேன் அல்லவா, அவர்கள் பாதி டவர் ஏறுவதற்குள் லைன் நிஜமாகவே செத்திருக்கும்.

மாப்பிள்ளை மட்டும் ரொம்ப நாள் ஒத்துக்கொள்ளவில்லை. கழி இல்லாமல் ஏறமாட்டார். ஆட்கள் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சீண்டினார்கள். ஒரு நாள் சாப்பிடும்போது என்னைக் கேட்டார்.

"அக்கா, நீங்க உள்ளேயிருந்து பாக்குறவங்க. சொல்லுங்க, அந்த மின்மினிய நம்பலாமா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இத்தனை நாள்ல அது ஒரு தடவையாச்சும் பொய் சொல்லிருக்கா?" என்றேன்.

யோசித்துவிட்டு, "இல்லதான்" என்றார். பாப்பா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். கவனித்துப் பாருங்கள், நான் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். அப்போது என் மனதில் ஒன்றும் கிடையாது. அதை என்னால் சத்தியம் செய்து சொல்லமுடியும்.

பிறகு அவருக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. தூரத்து ஊர், குவார்ட்டர்ஸ் உண்டு. பாப்பா துணிகளை மடித்துக்கொண்டே செய்தியைச் சொன்னாள். அங்கே அவளுக்கும் ஒரு வேலை பார்த்துவிட்டார்களாம். "நானும் வந்துடட்டுமா?" என்று கேட்டேன். அவள் என் கன்னத்தைத் தொட்டு, "எனக்காக நீ பட்டதெல்லாம் போதும் அக்கா. இனிமே நீ நிம்மதியா இரு" என்றாள். அன்போடுதான் சொன்னாள். நான் உள்ளே போய்ச் சாமான் கழுவ ஆரம்பித்தேன். கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவியிருக்கிறேன், விரலெல்லாம் ஊறிவிட்டது.

அந்த நாளைச் சொல்கிறேன். கல்குவாரிப் பாதையில் இருக்கிற டவரில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் தட்டுகள் விரிசல் விட்டிருந்தன, மாற்றவேண்டும். அந்தக் கேங்கோடு அவருக்கு அதுதான் கடைசி வேலை. போகும் வழியில் கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார். நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தார். சட்டை நுனியால் துடைத்துக் கையில் கொடுத்து, "இது இல்லாம எந்த சுவிட்சுன்னு எப்படிக்கா தெரியும்? எங்கள வறுத்துராதீங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

நல்ல வெளிச்சமான காலை. அவர்கள் டவரடிக்குப் போனதும் கொட்டாவிக்குப் போன் செய்தேன். அவர் தன் பக்கத்தை எடுத்துவிட்டு, "ஆச்சு" என்றார். என் திரையில் மின்மினியின் கட்டம் வெறுமையானது. அழுத்தம் காட்டுகிற முள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நான் சுவிட்சுக்குப் போயிருக்கவேண்டும். கொட்டாவி தன் முழங்கால் வலியைப் பற்றி ஆரம்பித்தார். மனிதர் பாவம், யாரும் காது கொடுப்பதில்லை. நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டேன். கண்ணாடியில் கொஞ்சம் மங்கல் இருந்தது. பெயர் தெளிவாகத் தெரியாமல் சுவிட்சைத் தொடக்கூடாது என்பது எங்களுக்கு விதி. கழற்றித் துடைத்தேன்.

வயர்லெஸ்ஸில் அவர் குரல் வந்தது. "அக்கா, மின்மினி தூங்கிருச்சு. ஏறுறேன்க்கா."

நான் சரி என்று சொல்லவில்லை. ஒலிப்பதிவைப் போட்டுக் கேளுங்கள், அதில் சரி என்ற சொல்லே கிடையாது. இரண்டு கையும் கண்ணாடியில் இருந்தது. ஒரு பக்கத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மறுபக்கத்தைத் துடைத்தேன். டவரில் ஏற அவருக்கு எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும், கால் வைப்பதில் நிதானமான ஆள். கொட்டாவி எண்ணெய் தேய்த்தும் கேட்கவில்லை என்றார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள் என்றேன்.

முள் துள்ளியது. என் பக்கத்துச் சுவிட்சு பெரிய சத்தத்தோடு தானாகவே விழுந்தது. நான் எடுக்க வேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். நன்றாகத் தெரிந்தது.

அவருக்கு உடனே உயிர் போகவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தார். கை இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பாப்பாவை உள்ளே விடவேண்டாம், அதிர்ச்சியில் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நான்தான் சொல்லிவைத்தேன். அவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பாள். நான் உள்ளே உட்கார்ந்து அவர் உதட்டில் பஞ்சால் தண்ணீர் தொட்டு வைப்பேன். விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் அவரே சொன்னார், லைன் கிளியர் வாங்காமல் அவசரப்பட்டு ஏறினேன், அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை என்று. அவர்கள் போனபிறகு என்னிடம், "உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. பயப்படாதீங்க" என்றார். எனக்குக் கண் கலங்கியது. என்னைக் கல்நெஞ்சக்காரி என்று எழுதிவிடாதீர்கள்.

"பாப்பாவ பாத்துக்குங்க" என்றும் சொன்னார். அதைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்துவருகிறேன் என்றேன்.

விசாரணையில், ஃபோர்மேன் விதியை மீறினார் என்று முடித்துவிட்டார்கள். கழியை ஜீப்பில் விட்டதைச் சொன்னால் தங்கள் வேலையும் போகும் என்று கேங்கில் யாரும் மின்மினியைப் பற்றி வாய் திறக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் நான் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். மாத்திரை டப்பா மறுபடி என் அலமாரிக்கு வந்தது. பாப்பா வேலைக்குப் போகவில்லை. கொஞ்ச நாளில் அவளுக்கு மறுபடி வலிப்பு வந்தது. துக்கத்தில் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். கூடத்துத் தரையில் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெளியும்போது கையை நீட்டினாள். "அக்கா, இருக்கியா?" என்றாள். "இருக்கேன்டா" என்றேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்படியே போயிருக்கும். கேங்கில் யாரோ மின்மினி விஷயத்தை அந்த இன்ஜினியர் காதில் போட்டிருக்கவேண்டும், அவர் துக்கம் கேட்க வந்தார். நான் கடைக்குப் போயிருந்தேன். அவர் வந்த இடத்தில் சும்மா இருக்கவில்லை, தன் பெட்டிதான் ஆளைக் கொன்றுவிட்டது என்று பாப்பாவின் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். விளக்கை நம்பாதீர்கள் என்று மேடத்திடம் அன்றைக்கே சொன்னேனே, அவர்கள் சொல்லவில்லையா என்று கேட்டிருக்கிறார். நான் பையோடு உள்ளே வந்தபோது அவர் போய்விட்டார். பாப்பா எழுந்து நின்றாள்.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

"என்னது?"

"விளக்கு அணைஞ்சாலும் கம்பியில இருக்கும்னு."

எனக்கு அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தெரியும் என்றேன்.

"அவர் ஏறுறேன்க்கான்னு சொன்னாரே. கூட இருந்தவங்க சொன்னாங்க. நீ ஏன் வேணாம்னு சொல்லல?"

"கண்ணாடி தொடச்சிட்டிருந்தேன்" என்றேன்.

அவள் கண் என் மேலேயே குத்திட்டு நின்றது. வலிப்பு வரப்போகிறதோ என்று நான் பாயை விரித்தேன். அவள் பாயைத் தாண்டி நடந்து வெளியே போனாள். செருப்புக்கூடப் போடவில்லை. இந்த ஸ்டேஷனுக்குத்தான் வந்தாள் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். அவ்வளவு தூரம் தனியாக நடக்கிற பெண்ணே இல்லை அவள், சார். யாரோ சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். சுவிட்சை எடுக்கத் தாமதித்தேன் என்று பூசி மெழுகாமல், தங்கை புருஷனைக் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அவர் மேல் கோபம் இருந்ததில்லை. அவளை நன்றாக வைத்திருந்தார், அதுவும் நிஜம்தான். ஆனால் அவளுக்கு எது நல்லது என்று அவருக்கு இரண்டு வருஷமாகத்தான் தெரியும். எனக்கு அவள் பிறந்ததிலிருந்து தெரியும்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்லமாட்டீர்கள். பரவாயில்லை. யார் வீட்டில் இருக்கிறாளோ அவர்களிடம் எனக்காக ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். டாக்டர் எழுதிய சீட்டில் வேளைக்கு ஒரு மாத்திரை என்று இருக்கும். அதை நம்பிக் கொடுத்துவிடவேண்டாம். சின்ன வயதிலிருந்து நான் பாதியாக உடைத்துத்தான் கொடுத்துவந்தேன், இப்போதும் அப்படித்தான் கொடுத்தேன். பாதி போதும். முழுசாகக் கொடுத்தால் அவள் யாரையும் தேடமாட்டாள்.